இனிஷியல் இல்லாத பெயர்

அத்தியாயம் 6

தொட்டில் காலியாகக் கிடந்த நாட்களிலும் யாரோ அதன் மணியை அடக்கியிருந்தார்கள்.

பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வாங்கியவள் பதிவுத் தாளைக் கண்ணருகே கொண்டுவந்து மறுபடி படித்தாள். மருத்துவமனையின் சாமான் அறையில், கால் உடைந்த கட்டில்களுக்கு நடுவே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அந்த இன்குபேட்டர், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டில். பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால், மதியம் இரண்டு பத்துக்கு, அதன் சூடு மளமளவென்று இறங்கியபோது அலற வேண்டிய அபாய மணி அலறவில்லை. நாலு நிமிடம் கழித்து ஒரு நர்ஸ் கவனித்துக் குழந்தையை வாரி எடுத்தாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் ஐந்து நாள் கண்ணைத் திறக்கவில்லை.

மணி ஏன் அலறவில்லை என்பதற்கு இயந்திரம் தானே எழுதி வைத்த பதிவில் பதில் இருந்தது. ‘2:10. மணியை அடக்கும் பொத்தான் அமுக்கப்பட்டது.’ அப்போது குழந்தைகள் வார்டில் இருந்தது ஒரே ஒருத்தி. வாரி எடுத்த அதே நர்ஸ். தொந்தரவாக இருக்கிறதென்று மணியை அடக்கிவிட்டு வேறு வேலை பார்த்தாள் என்பது குற்றச்சாட்டு. இன்று நாலு மணிக்கு விசாரணை. அது முடிந்தால் அவள் இந்த ஊரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் நர்ஸாக இருக்க முடியாது.

இயந்திரங்கள் செய்யும் தப்புகளைத் துப்பறிவது பூதக்கண்ணாடியின் தொழில். இன்குபேட்டரைச் செய்த கம்பெனிதான் அவளை அமர்த்தியிருந்தது.

“அண்ணே,” என்றாள். “போன வாரம் பூரா இது எங்க இருந்துச்சு?”

“இங்கதான். ரூமைப் பூட்டி சீல் வச்சுட்டாங்க. பேட்டரி செத்துடக் கூடாதுன்னு கரண்ட்ல மட்டும் மாட்டி வச்சிருந்தாங்க.”

பதில் சொன்னவர் லிப்ட்காரர். முப்பது வருடம் லிப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் அவளிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

“உள்ள குழந்தை இருந்துச்சா?”

“என்ன பாஸ், சாமான் ரூம்ல குழந்தையைப் போடுவாங்களா?”

“அப்போ செவ்வாய்க்கிழமை ஒன்பது பத்துக்கு மணியை அடக்கினது யாரு? பத்து பத்துக்கு யாரு? பதினொண்ணு பத்துக்கு?”

லிப்ட்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளை வாங்கினார். விரலை வைத்துக் கீழே கீழே இறங்கினார். ஒவ்வொரு மணிக்கும், பத்தாவது நிமிடத்தில், வினாடி பிசகாமல் அதே வரி.

“பேயா இருந்தாலும் நடுவுல ஒரு நாள் லீவு போட்டிருக்குமே பாஸ்.”

“மனுஷக் கை இல்லைண்ணே. மனுஷக் கை இவ்வளவு ஒழுங்கா இருக்காது.”

பென்சிலால் அந்த வரிகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வட்டத்துக்குக் கீழே சின்னதாக ஒரு வால். எந்தத் தாளில் எதைக் குறித்தாலும் கை தானாகப் போடும் அடையாளம் அது. பட்டப்பெயரால் அந்த அடையாளம் வந்ததா, அடையாளத்தால் பட்டப்பெயர் வந்ததா என்பது அவளுக்கே மறந்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளால் முடியவில்லை. மடியில் இருந்த கைப்பை கனத்தது. முழுப் பதிவு இன்றுதான் கைக்கு வந்தது. கம்பெனி அவளுக்கு முதலில் கொடுத்தது சம்பவத்தை ஒட்டிய பத்து நிமிடப் பதிவை மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டு நேற்றே அறிக்கையைப் பாதி எழுதியிருந்தாள். ‘காரணமான கை’ என்ற கட்டத்தில் நர்ஸின் பெயரைப் பென்சிலால் நிரப்பியும் இருந்தாள். எழுதிவிட்டு நன்றாகத் தூங்கினாள். அந்தத் தூக்கம்தான் இப்போது உறுத்தியது.

கதவு திறந்தது. நர்ஸ் இரண்டு காகிதக் கோப்பைகளில் டீ கொண்டுவந்தாள். முப்பது வயது இருக்கும். சீருடை இல்லை. சாதாரண உடையில், சொந்த ஆஸ்பத்திரியிலேயே நோயாளியைப் பார்க்க வந்தவள் மாதிரி தயங்கித் தயங்கி நடந்தாள்.

“நாலு மணிக்கு யூனிஃபார்ம் போட்டுட்டு வரணுமா, வேண்டாமான்னு கேட்டேன் மேடம். யாருமே பதில் சொல்லல.”

“சிஸ்டர், அன்னைக்கு மணிதான் அடிக்கலையே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“காலைத் தொட்டுப் பாத்தேன். அரைமணிக்கு ஒரு தடவை பாப்பேன். சும்மா, என் திருப்திக்கு.” நர்ஸ் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். “சத்தம் போடலன்னா நல்லாயிருக்குன்னு அர்த்தமா மேடம்? நல்லா இல்லாத குழந்தைங்கதான் சத்தமே போடாது.”



“நான் அமுக்கல மேடம். நீங்க நம்புறீங்கல்ல?”

“நம்புறேன்,” என்றாள் பூதக்கண்ணாடி. ஒரு நாள் தாமதமான வார்த்தை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*

கம்பெனிக்கு முக்கால் மணி நேரப் பயணம். லிப்ட்காரர்தான் வண்டி ஓட்டினார்.

“ஒரு இயந்திரம் யாரும் சொல்லாம மணிக்கொரு தடவை தானா என்னண்ணே செய்யும்?”

“லிப்டுன்னா ஒண்ணும் செய்யாது. நிக்கும். ஆள் வந்தா போகும், நடுவுல மாட்டிக்கும்.”

“இது பேட்டரியைச் சோதிச்சுக்கும். கரண்ட் போனா தாங்குமான்னு மணிக்கொரு தடவை பாக்கும். அந்தச் சோதனைக்கும் அபாய மணிக்கும் சம்பந்தமே கிடையாது. இருக்கக் கூடாது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பேட்டரி பிரிவுல நாலு வருஷம் இருந்தேன். அந்தக் கம்பெனியிலதான்.”

“அட, பொறந்த வீட்டுக்கா போறோம்! சொல்லவே இல்ல.”

“பொறந்த வீட்டுல கேட்ல நிறுத்தி அடையாள அட்டை கேக்க மாட்டாங்கண்ணே.” அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். “கேளுங்க. இயந்திரத்தோட அடிவயித்துல ஓடுற நிரலுக்கு கெர்னல்னு பேரு. அதுல வேலையையெல்லாம் சின்னச் சின்னதா ஆயிரக்கணக்குல பிரிச்சு எழுதியிருப்பாங்க. ஒவ்வொரு துண்டுக்கும் ஃபங்ஷன்னு சொல்லுவோம்.”

“ஃபங்ஷன்னா சாப்பாடு உண்டா?”

“ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் உண்டு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வந்து வேலையைச் செய்யும். ஒரே பேர்ல ரெண்டு இருந்தா என்ன ஆகும்?”

“எங்க கம்பெனியில என் பேர்லயே இன்னொரு மெக்கானிக் இருந்தான். அவனுக்கு வந்த மெமோ எல்லாம் நான்தான் வாங்குவேன்.”

“அதேதான். அதனால பேருக்கு முன்னால பிரிவோட பேரைச் சேத்துக்கணும்னு ஒரு பழக்கம். இனிஷியல் மாதிரி. அதை மறந்துட்டாலும் பரவாயில்ல. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துக் கட்டும்போது லிங்கர்னு ஒருத்தன் வாசல்ல நிப்பான்.”

“ஆபீஸ் வாட்ச்மேனா?”

“அதுவும் ஒரு நிரல்தான். ஆனா பாக்குறது வாட்ச்மேன் வேலை. ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்தா ரெண்டு பேரையுமே உள்ள விடமாட்டான். யாராவது ஒருத்தர் பேரை மாத்துற வரைக்கும் கத்திக்கிட்டே இருப்பான்.”

“தங்கமான ஆளு. எங்க அபார்ட்மெண்டுக்கு வேணும்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மற்றவர்களைக் கேள்வி கேட்டுப் பிழைக்கிறவர்களுக்கு இந்த ஒரு வசதி உண்டு.

*

மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் பழைய புகைப்படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. லிப்ட்காரர் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். முதல் மாடல் வெளியான நாளில் கீழே முற்றத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்தது. சட்டத்துக்கு அடியில் தேதி எழுதியிருந்தது. பதினோரு வருடம் ஆகியிருந்தது.

“கடைசில மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறது நீங்கதானே பாஸ்? எல்லாரும் கேமராவைப் பாக்குறாங்க. நீங்க மட்டும் தலையைத் தூக்கி மாடியைப் பாக்குறீங்க. அடுப்பை அணைக்காம வந்துட்டீங்களா?”

“அப்படி ஏதாவது இருக்கும்,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

தலைமைப் பொறியாளர் அவளிடம் வேலை கற்றவர். இப்போது காதோரம் நரைத்திருந்தார். ‘அக்கா’ மட்டும் மாறவில்லை.

“அக்கா, அறிக்கை முடிஞ்சுதா? குழு இப்பவே ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க.”

அவள் தாளை மேஜையில் விரித்தாள். காலித் தொட்டிலையும் வினாடி பிசகாத பத்தாவது நிமிடத்தையும் காட்டினாள். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. திரையைத் தன் பக்கம் திருப்பினார். பேட்டரி சோதனையின் நிரலைத் திறந்து தேடினார்.

“சோதனை ஆரம்பிக்கும்போது முதல் வேலையா ‘ஹோல்ட்’னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுது. பேட்டரிக்கு சார்ஜ் போறதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க.”

“இனிஷியல் இல்லாம?”

“இல்லாம. வெறும் ஹோல்ட்.” அவர் முழுக் கெர்னலிலும் அந்தப் பெயரைத் தேடினார். திரையில் இரண்டு வரிகள் வந்து நின்றன. ஒன்று பேட்டரி பிரிவில். இன்னொன்று அபாய மணிப் பிரிவில். “இது மணியை அஞ்சு நிமிஷம் நிறுத்தி வைக்கிறது. முன்னால இனிஷியலோடதான் இருந்துச்சு. இந்த வருஷ மாடலுக்கு ஒரு புதுப் பொண்ணு மாத்தி எழுதினா. அவளும் வெறும் ஹோல்ட்னு வச்சுட்டா.”

“அதாவது,” என்றார் லிப்ட்காரர், “பேட்டரிக்காரன் தன் வீட்டு ஹோல்ட்டைக் கூப்பிட்டா, பக்கத்து வீட்டு ஹோல்ட் ‘என்ன சார்’னு வந்து நின்னிருக்கான்.”

“வந்து மணியை அடக்கிட்டுப் போயிருக்கான். அந்த ஹோல்ட்டை பொத்தான் மட்டும்தான் கூப்பிடும்னு நினைச்சு எழுதினதால, அவன் வந்துட்டுப் போகும்போதெல்லாம் ‘பொத்தான் அமுக்கப்பட்டது’ன்னு பதிவும் எழுதிட்டான்.” பூதக்கண்ணாடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “மத்தியானம் ரெண்டு பத்துக்கு நம்ம பேட்டரிதான் மணியோட வாயைப் பொத்தியிருக்கு. சூடு எதனால இறங்கியிருந்தாலும், இறங்கினது அதே அஞ்சு நிமிஷத்துல. இந்த மாடல் எத்தனை வெளியில இருக்கு?”

“அறுபத்தெட்டு.” அவர் ஏற்கனவே தொலைபேசியை எடுத்துவிட்டார். எல்லா ஆஸ்பத்திரிக்கும் உடனே சொல்லுங்கள், பேட்டரி சோதனையை நிறுத்தச் சொல்லுங்கள் என்று யாரிடமோ கத்தினார். வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுக் கேக்கணும். ஏற்கனவே ஒரு ஹோல்ட் இருக்கான்னு தேடினியாம்மான்னு.”

“என்ன சொல்லுவான்னு நானே சொல்றேன். லிங்கர் கத்தலையே சார், அதனால வேற யாரும் அந்தப் பேர்ல இல்லைன்னு நினைச்சேன்னு சொல்லுவா. நீயா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பே. நானா இருந்தாலும்தான்.” நர்ஸின் உள்ளங்கை ஒரு கணம் கண்முன் வந்து போனது. “கேள்வி அது இல்ல. லிங்கர் ஏன் கத்தல?”

அவர் பேட்டரி பிரிவின் ஹோல்ட்டைத் திறந்தார். பெயருக்கு முன்னால் ஒரே ஒரு சொல் உட்கார்ந்திருந்தது. ‘வீக்’. பலவீனமானது.

“அது யாரு, புது ஆளு?” என்றார் லிப்ட்காரர்.

“அந்தச் சொல்லைப் போட்டா, ‘இதே பேர்ல வேற யாராவது வந்தா நான் ஒதுங்கிக்கறேன்’னு லிங்கர்கிட்ட எழுதிக் கொடுத்த மாதிரி,” என்றாள் பூதக்கண்ணாடி. “அதுக்கப்புறம் லிங்கர் கத்தமாட்டான். வந்தவனை உள்ள விட்டுட்டு, இருக்கிறவனைச் சத்தமில்லாம வெளிய அனுப்பிடுவான். ரொம்ப அபூர்வமா, தெரிஞ்சு போடுற சொல்லு. இங்க போட வேண்டிய அவசியமே இல்ல.”

“அப்போ வாட்ச்மேன் வாயில துணியை அடைச்சவன்தான் நம்ம ஆளு.”

தலைமைப் பொறியாளர் அந்த வரியின் மேல் அம்புக்குறியை வைத்தார். எழுதியவர் யார் என்று ஒரு பெயர் வந்தது. ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“மூட்டைக்காரர்.”

“ஆள் கிடைச்சாச்சு!” என்று லிப்ட்காரர் எழுந்தே விட்டார்.

“உக்காருங்கண்ணே. அதுக்கு மேல் வரி யார் எழுதினதுன்னு பாரு. கீழ் வரி? அடுத்த பக்கம்?”

எங்கே வைத்தாலும் அதே பெயர், அதே தேதி.

“ஒரே நாள்ல எத்தனை வரி எழுதியிருக்காரு?”

“நாலு லட்சம்,” என்றார் தலைமைப் பொறியாளர் களைப்போடு. “பழைய கிடங்குல இருந்து நிரலை எல்லாம் புதுக் கிடங்குக்கு மூட்டை கட்டி மாத்தினவர் அவர். அன்னைக்குப் பழைய சரித்திரம் எல்லாம் போச்சு. ஏழு வருஷத்துக்கு முந்தின எல்லா வரிக்கும் அவர் பேர்தான். விசாரணைக் குழுவுக்கும் இது தெரியும்க்கா, போன வருஷம் ஒரு கேஸ்ல பாத்துட்டாங்க. அவர் பேரைப் போட்டா சிரிப்பாங்க. கட்டத்தைக் காலியா விட்டா அறிக்கையையே எடுத்துக்க மாட்டாங்க. இயந்திரத்துப் பக்கம் கை இல்லைன்னா, கடைசியா இயந்திரத்துக்குப் பக்கத்துல நின்ன கை. அதான் அவங்க ரூல்.”

“நர்ஸ்.”

“நர்ஸ்.”

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று நாற்பது. பூதக்கண்ணாடி சுவரைப் பார்த்தாள். பச்சைச் சாயம் பூசிய, வெறும் சுவர். அவள் காலத்தில் அப்படி இருக்கவில்லை.

“இங்க சீட்டுச் சுவர் இருந்துச்சே?”

புதிதாக ஒரு பெயர் வைக்கிற யாரும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்தச் சுவரில் குத்த வேண்டும். வெள்ளைச் சீட்டு என்றால் புதுப் பெயர். வழக்கத்தை மீறி ஏதாவது செய்தால் மஞ்சள் சீட்டு. என்ன செய்தேன், ஏன் செய்தேன், எந்தத் தேதி, யார் கை.

“கம்ப்யூட்டரே எல்லாம் சொல்லும்னு அப்போ எடுத்துட்டோம்க்கா. சாயம் அடிக்கும்போது.”

“சீட்டெல்லாம்?”

*

சீட்டெல்லாம் மூட்டைக்காரரிடம் இருந்தது.

அடித்தளத்தில், பழைய ஆவணங்களுக்கு நடுவே ஒரு மேஜை. ஒல்லியான மனிதர். அவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்காமலே இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

“விலங்கு போடுங்க. இந்தக் கம்பெனியில எது புட்டுக்கிட்டாலும் நான்தானே? போன மாசம் எட்டு வருஷத்துக்கு முந்தின ஒரு எழுத்துப் பிழைக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்துச்சு.”

“நீங்க எழுதலைன்னு எனக்குத் தெரியும்,” என்றாள் பூதக்கண்ணாடி.

அவர் கை மெதுவாக இறங்கியது. “ஏழு வருஷத்துல இதைச் சொன்ன முதல் ஆள் நீங்க.” பிறகு வேறு குரலில் கேட்டார். “என்ன பேரு தேடறீங்க?”

“ஹோல்ட். மஞ்சள் சீட்டு.”

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேஜைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இழுத்தார். சீட்டுகள் கட்டுக்கட்டாக, ரப்பர் வளையம் போட்டு, எழுத்து வரிசையில் இருந்தன. “என் பேரைக் காப்பாத்த ஒரு சாட்சி வேணும்ல? அதான் குப்பைக்குப் போனதை எடுத்து வச்சுக்கிட்டேன்.”

மஞ்சள் கட்டு மெல்லியது. லிப்ட்காரர் வாங்கி, பணம் எண்ணுகிறவர் மாதிரி எச்சில் தொட்டுப் புரட்டினார். “உங்க ஆளுங்க கையெழுத்து டாக்டர்களுக்கே சவால் பாஸ். இந்தா, இவன் ஹோல்ட்டை... கிடைச்சாச்சு! ‘ஹோல்ட். பேட்டரி பிரிவு. வீக் போட்டிருக்கிறேன். சோதனை மேஜையில் பரீட்சைக்காக வைத்த போலி ஹோல்ட்டோடு மோதுகிறது. தற்காலிகம். நாளைக்கு எடுத்துவிடுவேன்.’ தேதி... மேல போட்டோவுல பாத்த தேதி. கையெழுத்து...”

அவர் நிறுத்தினார்.

கையெழுத்து இல்லை. ஒரு வட்டம். கீழே சின்னதாக ஒரு வால்.

முப்பது வருடம் மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களைப் பேசிப் பேசியே சமாதானப்படுத்திய மனிதர். சீட்டை மேஜைமேல் வைத்து, அவள் பக்கமாக மெதுவாகத் தள்ளினார்.

பூதக்கண்ணாடி அதைத் தொடவில்லை. தொடாமலே எல்லாம் வந்துவிட்டது. கீழே முற்றத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். புகைப்படக்காரர் வெளிச்சம் போகிறது என்று பொறுமை இழக்கிறார். யாரோ படிக்கட்டிலிருந்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். திரையில் லிங்கர் விடாமல் கத்துகிறது, ஒரே பேரில் இரண்டு, ஒரே பேரில் இரண்டு. பெயரை மாற்றினால் பன்னிரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். அதற்கு அரைமணி ஆகும். ஒரு சொல் போட்டால் போதும். போட்டாள். சத்தம் அடங்கியது. அப்போது மனதில் வந்த நிம்மதியைக்கூட அவளால் இப்போது உணர முடிந்தது. சீட்டை எழுதிக் குத்திவிட்டு ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றாள். நின்றபிறகு, விட்டுவிட்டு வந்த ஏதோ ஒன்று தலையை மாடிப் பக்கம் திருப்பியது.

மறுநாள் விடுமுறை. அதற்கு மறுநாள் வேறு வேலை. அந்த ‘நாளைக்கு’ சுவரில் நாலு வருடம், பெட்டியில் ஏழு வருடம்.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. வண்டியில் சிரிப்பு நின்றது ஏன்? சாமான் அறையில் மணிக்கொரு தடவை என்று பார்த்ததும் பேட்டரி என்று அவ்வளவு சீக்கிரம் எப்படித் தோன்றியது? அவளுக்குள்ளே ஒருத்தி எப்போதும் அறிந்தே இருந்திருக்கிறாள். அவள் பேச வரும்போதெல்லாம் கெட்டிக்காரி ஒருத்தி முன்னால் வந்து நிற்க, இவள் ஒதுங்கி ஒதுங்கிப் போயிருக்கிறாள்.

“நீங்கதான்னு எனக்கு எப்பவோ தெரியும்,” என்றார் மூட்டைக்காரர். “எல்லாச் சீட்டும் படிச்சவன் நான். ஆனா அது இப்படி வெடிக்கும்னு தெரியாது. சத்தம் இல்லாமத்தானே கிடந்துச்சு.” ரப்பர் வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டே தொடர்ந்தார். “ஒண்ணு சொல்றேன். ரெண்டு மாசத்துல ரிட்டயர் ஆகிறேன். நகர்த்தும்போது நானே அந்தச் சொல்லைப் போட்டேன்னு எழுதிக் கொடுத்துடறேன். அப்போ குழு சிரிக்க முடியாதுல்ல? நர்ஸுப் பொண்ணு தப்பிச்சுடும். உங்களை இனிமே ஒரு கம்பெனியாவது கூப்பிட வேண்டாமா? சீட்டை நீங்களே வச்சுக்கோங்க. எனக்குப் பழக்கம்தான்.”

யோசிக்கவில்லை என்று அவளால் பின்னால் ஒருபோதும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. யோசித்தாள். நர்ஸ் தப்பித்துவிடுவாள், அவளுக்கு வேண்டியதும் அதுதானே என்றுகூட ஒரு குரல் நியாயம் சொன்னது. நல்ல, தெளிவான குரல். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு சொல்தானே என்று சொன்ன அதே குரல்.

“தங்கச்சி,” என்றார் லிப்ட்காரர். இத்தனை வருடத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. “மணி ரெண்டே கால் ஆச்சு. எந்தப் பக்கம்னாலும் நான்தான் வண்டி ஓட்டப் போறேன். எங்கன்னு மட்டும் சொல்லு.”

அவள் சீட்டை எடுத்தாள். மூலை உதிர்ந்துவிடாமல், கைக்குட்டைக்குள் மடித்தாள்.

“உங்க பேரை எதுக்கும் போடாம இருக்கறதுதான் எனக்கு முடிஞ்ச ஒரே மரியாதை சார்,” என்றாள் மூட்டைக்காரரிடம்.

*

விசாரணை அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. நர்ஸ் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். சீருடை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே.

பூதக்கண்ணாடி பக்கத்தில் உட்கார்ந்து அறிக்கையை மடியில் விரித்தாள். கண்டுபிடித்ததை எல்லாம் கம்பெனியிலேயே எழுதியாகிவிட்டது. மஞ்சள் சீட்டு இணைப்பில் இருந்தது. ஒரு கட்டம்தான் பாக்கி. ரப்பரை எடுத்துப் பென்சில் எழுத்தை அழித்தாள். அழுத்தித்தான் எழுதியிருந்தாள் நேற்று. நாலு தடவை தேய்த்த பிறகும், சாய்த்துப் பார்த்தால் அந்தப் பெயரின் தடம் தெரிந்தது.

நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது என் பேருதானே மேடம்?”

“ஆமா. நேத்து எழுதினேன்.”

பூதக்கண்ணாடி பேனாவைத் திறந்தாள். அந்தத் தடத்தின் மேலேயே தன் பெயரை எழுதினாள். பட்டப்பெயர் இல்லை, வட்டமும் வாலும் இல்லை. அதே பெயரில் வேறு யாரும் தவறுதலாக வந்து நிற்காதபடி, அப்பாவின் முதலெழுத்தையும் வீட்டு விலாசத்தையும் சேர்த்தே எழுதினாள்.

“இது யாரு?”

“நான்தான் சிஸ்டர்.”

எதிரே, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த லிப்ட்காரர் தரையைப் பார்த்தார். நர்ஸ் எழுத்தைப் படித்தாள், அவள் முகத்தைப் படித்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லிவிடுவாளோ என்று பூதக்கண்ணாடி பயந்திருந்தாள்.

“அஞ்சு நாள்,” என்றாள் நர்ஸ் கடைசியில். “ஒவ்வொரு நாளும் போய்க் கண்ணாடிக்கு வெளிய நின்னேன். தொட விடமாட்டேன்னுட்டாங்க.”

கதவு திறந்து எழுத்தர் ஒருவர் தலையை நீட்டினார். “நாலாச்சு. நர்ஸ் முதல்ல வரலாம்.”

நர்ஸ் எழுந்தாள். பூதக்கண்ணாடி அவளுக்கு முன்னால் எழுந்துவிட்டாள்.

“அவங்க இல்ல. நான் வரேன்.”